டிராஃப்ட்டில் தேர்வாகித் தடுமாறும் ஐஸ் ஹாக்கி வீரர் என்.எச்.எல். அணியில் இடம்பிடிக்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கை, அதாவது என்.எச்.எல்.-ஐப் பற்றியது. அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்க ஆண்டுதோறும் கோடையில் நடக்கும் டிராஃப்ட்டில் பெயர் அறிவிக்கப்படும் இளைஞர்களில் பலர், மூன்று நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னும் முதன்மை அணியில் இடம் கிடைக்காமல் கீழ்நிலை லீக்குகளிலேயே ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைப் பின்தொடரும் ரசிகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

தடுமாறும் ஒரு வீரர் இனியும் என்.எச்.எல். அணியில் இடம்பிடிக்க முடியுமா?

முடியும். ஆனால் அப்படி இடம்பிடித்தவர்களின் வரலாற்றைப் பார்த்தால், அவர்களில் பலர் தங்களைத் தேர்ந்தெடுத்த அணியில் அல்லாமல் வேறோர் அணியில், எதிர்பார்த்த வயதைவிடப் பிந்தி, எந்தத் திறமைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்களோ அதிலிருந்து மாறுபட்ட ஒரு பொறுப்பில்தான் நிலைபெற்றிருக்கிறார்கள். ஆகவே, "இவர் நல்ல வீரரா?" என்று கேட்பதைவிட, "எந்த அணிக்கு, எந்த வேலைக்கு, எவ்வளவு காலத்துக்குள் இவர் தேவைப்படுவார்?" என்று கேட்பதே பயனுள்ளது. இந்தப் பக்கத்தின் விடைகள் எல்லாமே அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் அமைந்திருக்கின்றன.

டிராஃப்ட்டில் தேர்வானவருக்கு அணியில் இடம் உறுதி இல்லையா?

இல்லை. டிராஃப்ட் என்பது ஒரு வீரரோடு ஒப்பந்தம் பேசும் உரிமையை ஒரு அணிக்கு வழங்குகிறதே தவிர, வீரருக்கு எந்த உறுதியையும் வழங்குவதில்லை. 32 அணிகள், 7 சுற்றுகள் என்று ஓர் ஆண்டில் சுமார் 224 பேர் தேர்வாகிறார்கள். ஓர் அணியின் முதன்மைப் பட்டியலில் வழக்கமாக 23 பேர் வரைதான் இருக்கலாம். ஓர் ஆட்டத்தில் களமிறங்குவோர் 12 முன்கள வீரர்கள், 6 தடுப்பாட்டக்காரர்கள், 2 கோல்கீப்பர்கள் என 20 பேர். எல்லா நிலைகளையும் சேர்த்து ஓர் அணி ஒரே நேரத்தில் வைத்திருக்கக்கூடிய ஒப்பந்தங்கள் 50. காலியாகும் இடங்கள் சில; அவற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் தேர்வானவர்களும், மற்ற அணிகளிலிருந்து வரும் அனுபவசாலிகளும், ஐரோப்பாவிலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும் வருவோரும் சேர்ந்தே போட்டியிடுகிறார்கள்.

எதைத் தடுமாற்றம் என்று கொள்ள வேண்டும்?

கோல் எண்ணிக்கை குறைந்துவிட்டதையே பலர் தடுமாற்றம் என்கிறார்கள். அது போதாது. பக் எனப்படும் ரப்பர் வட்டைத் தம் மட்டையில் வைத்துக்கொண்டு நல்ல வாய்ப்புகளை உருவாக்கிக்கொண்டே இருக்கும் ஒருவருக்குச் சில வாரங்கள் கோல் விழாமல் போவது இயல்பு. அது பெரும்பாலும் தானே சரியாகிவிடும். இரண்டு ஆண்டுகளாக ஸ்கேட்டிங் வேகம் முன்னேறாமல் இருப்பது, எதிரணி நெருக்கும்போது முடிவெடுக்கத் தாமதிப்பது, பயிற்சியாளர் ஆட்ட நேரத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வருவது ஆகியவை வேறு வகையைச் சேர்ந்தவை. இளையோர் லீக்கில் உடல் பலத்தாலேயே மற்றவர்களை மிஞ்சிய ஒருவர், தொழில்முறை ஆட்டத்தில் தமக்குச் சமமான உடல்வலிமை உள்ள 28 வயதுக்காரர்களை எதிர்கொள்ளும்போதுதான் அவருடைய உண்மையான ஆட்டம் வெளிப்படுகிறது. காயத்தால் ஏற்படும் பின்னடைவை இவற்றோடு சேர்க்கக் கூடாது. அதைப் பற்றிப் பின்னால் தனியே பேசுவோம்.

இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் எங்கே ஆடுகிறார்?

கனடாவின் இளையோர் லீக்குகளிலிருந்து தேர்வான 18, 19 வயது வீரருக்கு நீண்டகாலமாக இருந்த வழிகள் இரண்டே: என்.எச்.எல். அணியிலேயே இருப்பது, அல்லது தம்முடைய பழைய இளையோர் அணிக்குத் திரும்புவது. என்.எச்.எல்.-க்கு அடுத்த நிலையான அமெரிக்க ஹாக்கி லீக்கில் (ஏ.எச்.எல்.) அந்த வயதில் ஆட அவருக்கு அனுமதி இருக்கவில்லை. ஐரோப்பாவிலிருந்து தேர்வானவருக்கு இந்தத் தடை கிடையாது. இளையோர் லீக் எளிதாகிவிட்ட, ஆனால் என்.எச்.எல். இன்னும் எட்டாத ஒரு 19 வயது இளைஞர் ஓராண்டை வீணாக்க நேர்ந்ததற்கு இந்த விதியே பல நேரங்களில் காரணமாக இருந்தது என்பது என் கருத்து. 2025-26 பருவத்திலிருந்து கனடிய இளையோர் லீக் வீரர்களும் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியில் ஆடலாம் என்று அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.-வின் விதி மாற்றப்பட்டிருப்பதால், அந்த இடைவெளியை நிரப்ப ஒரு புதிய வழி பிறந்திருக்கிறது. 20 வயதுக்குப் பின் பெரும்பாலோருக்கு ஏ.எச்.எல்.தான் களம், ஒவ்வொரு என்.எச்.எல். அணிக்கும் அங்கே ஒரு துணை அணி உண்டு. அதற்கும் கீழே இ.சி.எச்.எல். என்ற லீக் இருக்கிறது.

இ.சி.எச்.எல். வரை இறக்கப்பட்ட ஒருவர் மேலே வந்ததுண்டா?

உண்டு. இந்தக் கேள்விக்குக் கார்ட்டர் வெர்ஹேகியின் வரலாற்றைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

2013 டிராஃப்ட்டின் மூன்றாம் சுற்றில், 82-ஆவது இடத்தில், டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது. அந்த அணிக்காக அவர் ஓர் என்.எச்.எல். ஆட்டம்கூட ஆடவில்லை. 2015-இல் பல வீரர்கள் இடம்பெற்ற ஒரு பரிமாற்றத்தில் நியூயார்க் ஐலண்டர்ஸுக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஏ.எச்.எல். அணியிலும் நிலையான இடம் கிடைக்காமல், இ.சி.எச்.எல்.-இன் மிசூரி மேவரிக்ஸ் அணிக்கும் ஆட வேண்டியிருந்தது. 2017-இல் ஒரு கோல்கீப்பருக்கு ஈடாக டாம்பா பே லைட்னிங் அவரைப் பெற்றுக்கொண்டது. அப்போது அந்தச் செய்தியை யாரும் பெரிதாகக் கவனித்திருக்க மாட்டார்கள். டாம்பாவின் துணை அணியான சிரக்யூஸ் கிரஞ்சில் அவருக்குத் தொடர்ந்து ஆட்ட நேரமும் பவர் பிளே (தண்டனையால் எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேர ஆட்டம்) பொறுப்பும் கிடைத்தன. 2018-19 பருவத்தில் 34 கோல், 48 அசிஸ்ட் (சக வீரரின் கோலுக்கு உதவியவை) என 82 புள்ளிகள் எடுத்து ஏ.எச்.எல்.-இல் முதலிடம் பிடித்தார்.

அடுத்த பருவத்தின் தொடக்கத்தில், 24 வயதில், முதல் முறையாக என்.எச்.எல்.-இல் களமிறங்கினார். 2020-இல் டாம்பாவோடு, என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றார். அந்தக் கோடையிலேயே டாம்பா அவருக்குப் புதிய ஒப்பந்தம் வழங்காமல் விட்டுவிட்டது. ஃப்ளோரிடா பாந்தர்ஸ் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் என்ற மிகக் குறைந்த சம்பளத்தில் அவரை எடுத்துக்கொண்டது. அங்கே முதல் வரிசையில் ஆடத் தொடங்கியவர், 2022-23-இல் 42 கோல்கள் அடித்தார். வழக்கப் பருவத்தில் 65 வெற்றிகள் பெற்றுச் சாதனை படைத்திருந்த பாஸ்டன் அணியை 2023 கோப்பைக்கான பிளே-ஆஃப் போட்டியின் முதல் சுற்றில் வெளியேற்றிய ஏழாவது ஆட்டத்தின் கூடுதல் நேரக் கோல் அவருடையதுதான். 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஃப்ளோரிடாவோடு கோப்பையை வென்றார்.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது, மூன்று அணிகள் அவரைக் கைவிட்டன என்பதும், அவற்றில் எதுவும் திறமையற்றவர்களால் நடத்தப்பட்ட அணி அல்ல என்பதும்தான். டாம்பா அந்தக் காலத்தின் மிகச் சிறந்த அணிகளுள் ஒன்று. அங்கே முன்கள வரிசைகளில் இடம் இல்லை, ஃப்ளோரிடாவில் இருந்தது.

முதல் சுற்றில் தேர்வானவருக்குக் கூடுதல் வாய்ப்புக் கிடைக்குமா?

கிடைக்கும். உயர்ந்த இடத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுத்த நிர்வாகம் தன் முடிவு பொய்க்கவில்லை என்று காட்ட விரும்புவது இயல்பு. மற்ற அணிகளும் அவரை டிராஃப்ட் காலத்திலிருந்தே அறிந்திருப்பதால், ஒன்று கைவிட்டால் இன்னொன்று ஏற்கத் தயாராக இருக்கும். டிலன் ஸ்ட்ரோம் 2015-இல் மூன்றாவதாக அரிசோனாவால் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்கு முன்னே கானர் மெக்டேவிட், ஜாக் ஐக்கல். அவருக்கு அடுத்து மிட்ச் மார்னர். அந்த மூவரும் விரைவிலேயே நட்சத்திரங்களாகிவிட, வேகம் போதாது என்ற விமர்சனத்தோடு ஸ்ட்ரோம் ஏ.எச்.எல்.-க்கும் என்.எச்.எல்.-க்கும் இடையே அலைந்தார். 2018 நவம்பரில் சிகாகோவுக்கு மாற்றப்பட்டதும், அந்தப் பருவத்தின் எஞ்சிய 58 ஆட்டங்களில் 51 புள்ளிகள் எடுத்தார். 2022-இல் சிகாகோவும் அவரை விடுவித்தது. வாஷிங்டனுக்குச் சென்றவர் 2024-25-இல் 82 புள்ளிகளோடு அந்த அணியின் முதன்மை சென்டராக (நடு முன்கள வீரராக) விளங்கினார்.

ஆனால் அந்தக் கூடுதல் வாய்ப்பு, வாய்ப்பு மட்டுமே. 2012-இல் முதலாவதாகத் தேர்வான நைல் யாகுபோவ் மூன்று அணிகளில் 350 ஆட்டங்கள் ஆடிவிட்டு, 2018-இல் ரஷ்யாவுக்குத் திரும்பினார். அதே டிராஃப்ட்டில் நான்காவதாகத் தேர்வான தடுப்பாட்டக்காரர் கிரிஃபின் ரைன்ஹார்ட் ஆடிய மொத்த என்.எச்.எல். ஆட்டங்கள் 37.

ஒப்பந்த விதிகள் அவருடைய வாய்ப்பை எப்படிப் பாதிக்கின்றன?

ரசிகர்கள் மிகக் குறைவாகக் கவனிப்பதும், நிர்வாகங்கள் மிக அதிகமாகக் கவனிப்பதும் இதைத்தான். 18 முதல் 21 வயதுக்குள் கையெழுத்திடும் வீரரின் முதல் ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளுக்கானது. 18 அல்லது 19 வயதில் கையெழுத்திட்டவர் அந்தப் பருவத்தில் 10 என்.எச்.எல். ஆட்டங்களை எட்டாவிட்டால், அந்த ஆண்டு கணக்கில் சேராமல் ஒப்பந்தம் ஓராண்டு தள்ளிப்போகும். ஓர் இளைஞரை ஒன்பது ஆட்டங்கள் ஆடவிட்டு இளையோர் அணிக்குத் திருப்பி அனுப்புவதன் பின்னணி இதுவே. அதை அவருடைய திறமை மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அடுத்தது வெய்வர் விதி. இளம் வீரரை ஏ.எச்.எல்.-க்கு இறக்குவதற்குத் தொடக்க ஆண்டுகளில் எந்தத் தடையும் இல்லை. குறிப்பிட்ட ஆண்டுகளோ ஆட்டங்களோ கடந்த பின் அந்த விலக்கு முடிந்துவிடும். எடுத்துக்காட்டாக, 20 வயதில் கையெழுத்திட்ட முன்கள வீரருக்கு மூன்று ஆண்டுகள் அல்லது 160 என்.எச்.எல். ஆட்டங்கள், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை. அதன் பிறகு அவரைக் கீழே அனுப்ப வேண்டுமென்றால் வெய்வரில் வைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் வேறு எந்த அணியும் அவரை ஈடு எதுவும் தராமலே எடுத்துக்கொள்ளலாம். விலக்கு உள்ளவரை, சமமான திறமையுடைய இருவரில் விலக்குள்ளவரே கீழே அனுப்பப்படுவார், ஏனெனில் அவரை இழக்கும் அபாயம் அணிக்கு இல்லை. விலக்கு முடிந்த பருவத்தின் பயிற்சி முகாமில் அதே காரணம் அவருக்குச் சாதகமாகத் திரும்புகிறது. எனவே தடுமாறும் வீரருடைய வாய்ப்பை மதிப்பிட விரும்புவோர், அவருடைய கோல் கணக்கைப் பார்ப்பதற்கு முன் இந்த விலக்கு எந்த ஆண்டு முடிகிறது என்று பார்க்க வேண்டும்.

வெய்வரில் வைக்கப்படுவது அவமானமா?

அப்படிக் கருதுவோர் தாமஸ் ஹிக்கியை நினைத்துப் பார்க்கலாம். 2007-இல் நான்காவதாக லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் தேர்ந்தெடுத்த அந்தத் தடுப்பாட்டக்காரர் பல பருவங்கள் மான்செஸ்டரில் உள்ள துணை அணியிலேயே கழித்தார். கிங்ஸுக்காக ஓர் ஆட்டமும் ஆடவில்லை. 2013 ஜனவரியில் வெய்வரில் வைக்கப்பட்டபோது ஐலண்டர்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. அங்கே அவர் 450-க்கும் மேற்பட்ட என்.எச்.எல். ஆட்டங்கள் ஆடினார்.

கோல் அடிப்பவராகத் தேர்வானவர் வேறு பொறுப்பில் நிலைக்க முடியுமா?

முடியும்; தடுமாறும் முன்கள வீரர்கள் பலருக்கு மிஞ்சியிருக்கும் வழியும் இதுதான். என்.எச்.எல். அணியில் நான்கு முன்கள வரிசைகள் உண்டு. முதல் இரண்டு வரிசைகளுக்குப் புள்ளிகள் சேர்ப்பவர்கள் வேண்டும். கடைசி இரண்டுக்கு எதிரணியின் நட்சத்திரங்களைக் கட்டுப்படுத்துபவர்கள், ஓர் ஆள் குறைந்த நிலையில் தடுத்தாடுபவர்கள், பலகையோரப் போராட்டத்தில் பக்கை மீட்டெடுப்பவர்கள் வேண்டும். இளையோர் அணியில் எப்போதும் முதல் வரிசையில் ஆடிய ஒருவர் இரண்டாம் வகை வேலையைக் கற்றதே இல்லை என்பதால், இடைநிலையில் மாட்டிக்கொள்கிறார்: முதல் வரிசைக்குத் திறமை போதாது, நான்காம் வரிசைக்குப் பழக்கம் போதாது.

வலேரி நிசுஷ்கின் 2013-இல் பத்தாவதாக டாலஸ் ஸ்டார்ஸால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். முதல் ஆண்டிலேயே நன்றாக ஆடினார். பிறகு இடுப்புக் காயம், ரஷ்யாவில் இரண்டு பருவங்கள், மீண்டும் டாலஸ். 2018-19-இல் 57 ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. டாலஸ் பணம் கொடுத்து அவருடைய ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. கொலராடோ அவலான்ச் 2019-இல் அவரை எடுத்தபோது கோலை எதிர்பார்த்து எடுக்கவில்லை. பெரிய உடலும் நீண்ட கைகளும் கொண்ட அவர் பக்கைப் பறிப்பதிலும் தடுப்பதிலும் வல்லவராக இருந்ததையே பயன்படுத்திக்கொண்டது. அந்த வேலையில் நம்பிக்கை பிறந்த பிறகு கோல்களும் வந்தன: 2021-22-இல் 25 கோல்கள், அந்த ஆண்டே ஸ்டான்லி கோப்பை, அதன் பின் எட்டு ஆண்டு ஒப்பந்தம்.

இன்னும் பழைய எடுத்துக்காட்டு கிரிஸ் டிரேப்பர். 1989-இல் மூன்றாம் சுற்றில் வின்னிபெக் தேர்ந்தெடுத்த அவரை, 1993-இல் டெட்ராய்ட் ஒரே ஒரு டாலருக்கு வாங்கியது. தடுத்தாடும் வரிசையில் இடம்பெற்று நான்கு ஸ்டான்லி கோப்பைகளை வென்ற அவர், சிறந்த தற்காப்பு முன்கள வீரருக்கான செல்கி விருதை 2004-இல் பெற்றார்.

காயத்தால் பின்தங்கியவரை எப்படி மதிப்பிடுவது?

ஒரே பரிமாற்றத்தின் இரு முனைகளில் நின்ற இருவரைப் பார்க்கலாம். 2017 டிராஃப்ட்டில் நோலன் பேட்ரிக் இரண்டாவதாகவும், கோடி கிளாஸ் ஆறாவதாகவும் தேர்வானார்கள். கிளாஸ், வேகஸ் அணி டிராஃப்ட்டில் தேர்ந்தெடுத்த முதல் வீரர். பேட்ரிக்கை ஒற்றைத் தலைவலி நோய் 2019-20 பருவம் முழுவதும் ஆடவிடாமல் செய்தது. கிளாஸுக்கு முழங்கால் காயங்கள். 2021 கோடையில் மூன்று அணிகளுக்கிடையே நடந்த பரிமாற்றத்தில் பேட்ரிக் வேகஸுக்கும் கிளாஸ் நாஷ்வில்லுக்கும் போனார்கள். நாஷ்வில் நிர்வாகம் கிளாஸை அடுத்த பருவத்தின் பெரும்பகுதியை மில்வாக்கியில் ஏ.எச்.எல். ஆட விட்டது. 23 வயதை நெருங்கிய, என்.எச்.எல். அனுபவம் உள்ள ஒருவருக்கு அது கசப்பாக இருந்திருக்கும்; ஆனால் அந்த ஆண்டுதான் அவருக்கு வேண்டியிருந்தது என்று நான் நினைக்கிறேன். 2022-23-இல் திரும்பி வந்து 35 புள்ளிகள் எடுத்தார், அதன் பின்னும் வெவ்வேறு அணிகளில் தொடர்ந்து ஆடிவருகிறார். பேட்ரிக் வேகஸில் 25 ஆட்டங்களோடு நின்றுவிட்டார், மொத்தம் 222. அவருக்கு நேர்ந்ததைத் தோல்வி என்று எழுதுவது நியாயமற்றது. எலும்பும் தசையும் பட்ட காயத்துக்கு மீளும் கால அட்டவணை ஒன்று உண்டு. தலையைத் தாக்கும் நோய்க்கு அப்படி எதுவும் இல்லை. இந்த வேறுபாட்டை அறியாமல் இருவரையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது.

கோல்கீப்பர்களுக்கும் இதே கணக்குத்தானா?

இல்லை. ஓர் அணியில் இருவருக்கே இடம், ஆடுபவர் ஒருவர். எனவே கோல்கீப்பர்கள் மிகவும் தாமதமாகவே மேலே வருகிறார்கள், 22 வயதில் ஏ.எச்.எல்.-இல் தடுமாறும் கோல்கீப்பரைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. 2011-இல் 88-ஆவதாகத் தேர்வான ஜோர்டன் பின்னிங்டன், ஒரு கட்டத்தில் சொந்த அமைப்பிலேயே இடமின்றிப் பாஸ்டனின் துணை அணிக்குக் கடனாக அனுப்பப்பட்டவர். 2019 ஜனவரியில், 25 வயதில், செயின்ட் லூயிஸ் அணிக்காக முதன்முதலாகத் தொடக்கத்திலிருந்து ஆடிய ஆட்டத்திலேயே எதிரணியை ஒரு கோலும் அடிக்கவிடவில்லை. அந்த மாதத் தொடக்கத்தில் லீக்கின் கடைசி இடத்தில் இருந்த அணி, ஜூன் மாதம் கோப்பையை வென்றது. டிம் தாமஸ் 1994-இல் 217-ஆவதாகத் தேர்வாகி, ஐரோப்பாவில் நெடுங்காலம் ஆடிவிட்டு, 31 வயதில்தான் பாஸ்டனில் நிலைபெற்றார்.

ஏ.எச்.எல். புள்ளிக் கணக்கை எப்படிப் படிப்பது?

வயதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 20 வயதில் இரண்டு ஆட்டங்களுக்கு ஒரு புள்ளி எடுப்பவரும், 25 வயதில் அதே அளவு எடுப்பவரும் ஒன்றல்லர். முன்னவர் வளர்ந்துகொண்டிருக்கிறார், பின்னவர் பெரும்பாலும் தம் எல்லையை அடைந்துவிட்டார். புள்ளிகள் எப்படி வந்தன என்பதும் முக்கியம். பவர் பிளேயில் மட்டும் புள்ளி சேர்ப்பவருக்கு மேலே அந்த இடம் கிடைக்காது, ஏனெனில் அங்கே பவர் பிளே இடங்கள் நட்சத்திரங்களுக்கு உரியவை. ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில், எதிரணியின் நல்ல வரிசைக்கு எதிராக அவர் என்ன செய்கிறார் என்பதே மேலே செல்லுபடியாகும் நாணயம்.

பயிற்சி முகாமில் சிறப்பாக ஆடினால் போதுமா?

அரிதாகப் போதும். செப்டம்பர் முகாமில் பெரும்பாலான இடங்கள் முன்பே முடிவாகியிருக்கும். திறந்திருப்பது ஒன்றோ இரண்டோதான். முகாமில் நன்றாக ஆடியவர், பருவத்தின் நடுவே யாராவது காயமடையும்போது முதலில் அழைக்கப்படுகிறார். அந்த அழைப்பில் கிடைக்கும் எட்டு, பத்து நிமிட ஆட்டத்தில் பிழையின்றி ஆடுவதுதான் பெரும்பாலோரின் உண்மையான தேர்வு.

ஐரோப்பாவுக்குப் போய்விட்டால் கதவு மூடிவிடுமா?

மூடுவதில்லை. 2016-இல் நான்காவதாக எட்மண்டன் தேர்ந்தெடுத்த ஜெசே புல்யுயார்வி, மிக இளம் வயதிலேயே என்.எச்.எல்.-இல் தள்ளப்பட்டுத் திணறியவர். 2019-20 பருவத்தை ஃபின்லாந்தில் தம் பழைய அணியான கார்பட்டில் ஆடினார். அடுத்த பருவம் எட்மண்டனுக்கே திரும்பி 15 கோல்கள் அடித்தார். அவரை அவசரப்பட்டு மேலே ஏற்றாமல் இருந்திருந்தால் அந்தப் பயணமே தேவைப்பட்டிருக்காது என்று நம்புகிறேன்.

எந்தக் கட்டத்தில் வாய்ப்பு முடிந்ததாகக் கொள்ளலாம்?

தேர்ந்தெடுத்த அணியைப் பொறுத்தவரை, முதல் ஒப்பந்தம் முடியும் கோடையில் அது நீட்டிப்பு வாய்ப்பை முன்வைக்கிறதா என்பதில் பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். முன்வைக்காவிட்டால் வீரர் எந்த அணியோடும் பேசலாம். முன்வைத்துக்கொண்டே மேலே அழைக்காமல் வைத்திருந்தாலும், 25 வயதை எட்டி, மூன்று தொழில்முறைப் பருவங்களை முடித்து, 80-க்கும் குறைவான என்.எச்.எல். ஆட்டங்களே ஆடியிருக்கும் முன்கள வீரரோ தடுப்பாட்டக்காரரோ ஒப்பந்தம் முடிந்ததும் முழு விடுதலை பெறுகிறார். ஓர் அணி ஒருவரைக் காலவரையின்றி அடைத்துவைக்கக் கூடாது என்பதற்காகவே அந்த விதி இருக்கிறது. அந்தக் கோடையில் அவர் சம்பளத்தை இரண்டாவதாக வைத்து, முன்கள வரிசையில் ஆள் குறைந்த அணி எது, தம் ஆட்டத்தை அறிந்த பயிற்சியாளர் எங்கே இருக்கிறார் என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அப்படிச் சென்ற இடத்திலும் இரண்டு பருவங்கள் ஏ.எச்.எல்.-இலேயே கழிந்தால், ஸ்வீடனிலோ சுவிட்சர்லாந்திலோ நல்ல வருமானத்தோடு பத்து ஆண்டுகள் ஆடும் வாழ்க்கையை அவர் தேர்ந்தெடுப்பதில் குறை சொல்ல எதுவும் இல்லை.